பாக்குக்கு எத்தனை பாடகர்கள்?

1730 ஆகஸ்ட் 23 தேதியிட்டு லைப்சிக் நகரசபைக்கு யோஹான் செபாஸ்டியன் பாக் ஒரு மனு எழுதினார். தேவாலய இசை ஒழுங்காக நடக்க என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடும் மனு. அதில் தெய்வீகம் ஒரு சொட்டும் கிடையாது. ஆள் போதவில்லை, முன்பு வாத்தியம் வாசிக்க வரும் மாணவர்களுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகை நின்றுபோய்விட்டது, தேவாலயப் பாடகர்களைத் தரும் தாமஸ் பள்ளியில் சேர்க்கிற பையன்கள் பலருக்குப் பாட்டே வராது என்பதுதான் சாரம். தாமஸ் பள்ளி மாணவர்களை மூன்று வரிசையாகப் பிரித்துக் கணக்குச் சொல்கிறார். 17 பேர் தேறுவார்கள், 20 பேர் இனிமேல்தான் தேற வேண்டும், 17 பேர் எதற்கும் உதவ மாட்டார்கள். ஒவ்வொரு பாடகர் குழுவிலும் குரலுக்கு மூன்று பேராவது வேண்டும், நான்கு பேர் கிடைத்தால் இன்னும் நல்லது என்கிறார். ஏன் மூன்று? யாராவது காய்ச்சலில் படுத்துவிட்டால் சமாளிக்கத்தான். பையன்கள் எத்தனை தடவை படுக்கிறார்கள் என்பதற்குப் பள்ளி மருத்துவர் மருந்துக்கடைக்கு எழுதியனுப்பும் சீட்டுகளே சாட்சி என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்த மனுவை நெடுங்காலம் எல்லோரும் ஒரே விதமாகத்தான் படித்தார்கள். நான்கு குரல், குரலுக்கு மூன்று அல்லது நான்கு பேர், ஆக பாக்கின் கோரஸில் 12 முதல் 16 பேர். பாடப்புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துவிட்ட கணக்கு அது.

1981 நவம்பரில் அமெரிக்க இசையியல் சங்கம் பாஸ்டனில் கூடியது. அங்கே ஒருவர் எழுந்து, மனுவில் இருப்பது பாடுகிறவர்களின் எண்ணிக்கை இல்லை, கைவசம் வைத்திருக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை என்றார். ஆலயத்தில் பாக்கின் கண்டாட்டா, அதாவது வழிபாட்டுக்கான பாடற்கோவை, ஒலித்தபோது பெரும்பாலும் குரலுக்கு ஒரே ஆள்தான் பாடினார். சொப்ரானோ ஒருவர், ஆல்டோ ஒருவர், டெனர் ஒருவர், பாஸ் ஒருவர். தனிப்பாட்டும் அவர்களே, கோரஸும் அவர்களே. அரங்கம் கொதித்தது. எழுந்த எதிர்ப்பில் அவரால் கட்டுரையை வாசித்து முடிக்க முடியவில்லை.

அவர் ஜோஷுவா ரிஃப்கின். அப்போது அவருக்கு வயது 37. இசையியலாளர்களின் உலகத்துக்கு வெளியே, அவர் பெயரைக் கேட்ட அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வந்திருக்கக்கூடியது பாக் இல்லை. ராக்டைம் பியானோ.

1944இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஜூலியர்டில் இசையமைப்புப் படித்தவர், வின்சென்ட் பெர்சிகெட்டியின் மாணவர். பதின்வயதிலேயே ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரக் கோடை வகுப்புக்குப் போய் ஸ்டாக்ஹவுசனிடம் பாடம் கேட்டவர். நவீன இசையின் கறார்ப் பேர்வழிகள் கூடும் இடம் அது. அதே காலத்தில் நியூயார்க் கிரீன்விச் வில்லேஜில் 'ஈவன் டசன் ஜக் பேண்ட்' என்ற கூட்டத்தில் பியானோவும் கஸூவும் வாசித்தார். காலி ஜாடியை ஊதியும் துணி துவைக்கும் பலகையைத் தேய்த்தும் தெற்கத்திய பழம்பாட்டுகளை வாசிக்கும் இளவட்டக் கும்பல். ஜான் செபாஸ்டியன், டேவிட் கிரிஸ்மன், பின்னால் மரியா மல்டோர் என்று அறியப்பட்ட மரியா டமாட்டோ எல்லாம் அதில் இருந்தார்கள். 1964இல் எலெக்ட்ரா நிறுவனம் அவர்களுடைய தட்டை வெளியிட்டது.

எலெக்ட்ராவின் முதலாளி ஜாக் ஹோல்ஸ்மன் அதே ஆண்டு 'நன்சச்' என்ற இன்னொரு முத்திரையைத் தொடங்கினார். ஐரோப்பிய நிறுவனங்களிடமிருந்து உரிமம் வாங்கி, பரோக் இசைத்தட்டுகளை வழக்கமான விலையில் பாதிக்கு விற்பது அதன் வியாபாரம். மாணவர்கள் வாங்கித் தள்ளினார்கள். விவால்டியும் டெலமானும் கல்லூரி விடுதி அறைகளுக்குள் நுழைந்தது அப்படித்தான். பரோக் மீட்பைப் பற்றி எழுதுகிறவர்கள் சுவடிகளையும் பழைய வாத்தியங்களையும் சொல்லுமளவுக்கு இந்த விலைக்குறைப்பைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

அந்த அலைமீது ஏறி ரிஃப்கின் செய்த குறும்புதான் 1965இல் வந்த 'பரோக் பீட்டில்ஸ் புக்'. பீட்டில்ஸ் மெட்டுகளை ஹேண்டல், பாக் பாணியில் சூட், ட்ரையோ சொனாட்டா, கண்டாட்டா என்று உருமாற்றிய தட்டு. பாக்கின் படைப்புகளுக்கு 'பி.டபிள்யூ.வி.' என்று பட்டியல் எண் உண்டல்லவா, இதில் அதற்குப் பதில் 'எம்.பி.இ.' பீட்டில்ஸ் நால்வருக்கும் பிரிட்டிஷ் அரசி அந்த ஆண்டு வழங்கிய விருதின் பெயர் அது. பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' போல இதில் 'எப்ஸ்டைன் வேரியேஷன்ஸ்', பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் பெயரில். லுத்தரன் ஆலயத்தில் கண்டாட்டாவைத் 'திரித்துவத்துக்குப் பின்வரும் இத்தனையாவது ஞாயிறு' என்று குறிப்பார்கள். ரிஃப்கினின் கண்டாட்டா 'ஷே ஸ்டேடியத்துக்குப் பின்வரும் மூன்றாம் சனிக்கிழமை'க்கு உரியது. அந்த ஆகஸ்டில் பீட்டில்ஸ் பாடி, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூச்சலிட்ட மைதானம் ஷே. வெறும் கேலியாக இருந்திருந்தால் தட்டு ஒரு வாரத்தில் செத்திருக்கும். இலக்கணம் சுத்தமாக இருந்ததால் பிழைத்தது. எதிர்ச்சுரமும் அலங்காரமும் பாக் மாணவன் எழுதியதைப் போல இருக்கும், மெட்டு மட்டும் லிவர்பூல்.

இருபதாண்டு கழித்து, 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பை பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கி, அதில் பாக்கைத் தன் வீட்டிலேயே சந்தித்ததாக ஒரு பாடலுக்குப் பெயர் வைத்தார். இதை எழுதுபவரைப் போன்ற பலருக்கு பாக் அறிமுகமானது அந்த ஒலிநாடாவில்தான். பரோக் எந்தப் பாதையில் யார் வீட்டுக்கு வரும் என்பதற்கு ஒழுங்கெல்லாம் இல்லை.

பாடகி ஜூடி காலின்ஸின் 1966, 1967 தட்டுகளுக்கு இசைக்கோவை எழுதியதும் ரிஃப்கின்தான். இதற்கு நடுவில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் குஸ்தாவ் ரீஸிடமும், ஜெர்மனியின் கோட்டிங்கனிலும், பிறகு பிரின்ஸ்டனில் ஆர்தர் மெண்டலிடமும் இசையியல் படித்தார். கோட்டிங்கன் இங்கே முக்கியம். பாக் படைப்புகளின் புதிய பதிப்பைத் தயாரித்த ஆய்வு நிலையம் அங்கே இருந்தது. அங்கே பணியாற்றிய ஆல்ஃபிரெட் டியூரும், டியூபிங்கனில் கியோர்க் ஃபான் டாடெல்சனும், 1950களின் இறுதியில், சுவடித்தாளின் நீர்க்குறியையும் பிரதியெடுத்தவர்களின் கையெழுத்தையும் வைத்து பாக்கின் கண்டாட்டாக்களுக்குப் புதிதாகத் தேதி குறித்திருந்தார்கள். முதுமை வரை நிதானமாக எழுதியவை என்று கருதப்பட்ட, கோரால் என்ற துதிப்பாடல்களின் மேல் அமைந்த கண்டாட்டாக்களில் பெரும்பாலானவை 1724-25இல், வாரத்துக்கு ஒன்றாக அடுக்கடுக்காக எழுதப்பட்டவை என்று தெரிந்தது. முதிர்ந்த ஞானி பாக்கின் வாழ்க்கை வரலாற்றையே அது புரட்டிப்போட்டது. மேதையைப் பற்றி உருகுவதற்கு முன்னால் தாளைப் பார் என்பது அந்தப் பள்ளியின் பாடம்.

ரிஃப்கின் அதைப் படித்துக்கொண்டார். 1975இல் 'மியூசிக்கல் குவார்ட்டர்லி'யில் அவர் எழுதிய கட்டுரை மத்தேயு பாஷனைப் பற்றியது, இயேசுவின் பாடுகளை இரட்டைக் குழுவுக்காக பாக் அமைத்த பெருங்கோவை. அது முதலில் ஒலித்தது 1729 புனித வெள்ளியில் என்பதே அதுவரை பொதுக்கருத்து. 1829 மார்ச் 11இல், இருபதே வயதான மெண்டல்சன் பெர்லினில் அதை மீட்டெடுத்து நடத்தினார். நூறாண்டு நிறைவு என்று கொண்டாட எவ்வளவு வசதி! ரிஃப்கின் சான்றுகளை அடுக்கி, முதல் நிகழ்வு 1727 ஏப்ரல் 11 என்று காட்டினார். 1729இல் கோதென் இளவரசர் லியோபோல்டின் இறுதிச்சடங்குக்கு பாக் தந்த இசை பாஷனின் பாட்டுகளையே எடுத்துக்கொண்டதா, அல்லது பாஷன் அதிலிருந்து எடுத்துக்கொண்டதா என்ற பழைய குழப்பமும் அதோடு தீர்ந்தது. பாஷன்தான் முந்தியது. மெண்டல்சனின் நூற்றாண்டு இரண்டு வருடம் பிசகிப்போனது. அப்போது யாரும் கத்தவில்லை. தேதி மாறினால் யாருடைய காதும் வலிக்காது.

இந்தக் கட்டுரைக்கு ஐந்தாண்டு முன்பே, 1970 நவம்பரில் நன்சச் வெளியிட்ட தட்டு வேறு ரகம். 'ஸ்காட் ஜோப்ளின்: பியானோ ராக்ஸ்'. வாசித்தவர் ரிஃப்கின். ஜோப்ளின் டெக்சாஸில் வளர்ந்த கறுப்பின இசையமைப்பாளர். 1899இல் வெளியான 'மேப்பிள் லீஃப் ராக்' அவருக்குப் புகழ் தந்தது. 'ட்ரீமோனிஷா' என்ற ஆபராவை முறையாக மேடையேற்ற முடியாமலே 1917இல் நியூயார்க்கில் மனநல மருத்துவமனையில் இறந்தார். அதன்பின் ராக்டைம் என்றால் மதுக்கடையில் சுருதி கெட்ட பியானோவில் தடதடவென்று ஓட்டும் சமாச்சாரமாகிவிட்டது. ஜோப்ளினோ தம் இசைத்தாள்களிலேயே, வேகமாக வாசிக்காதீர்கள் என்று அச்சிட்டு வேண்டியிருந்தார். ரிஃப்கின் அந்த வேண்டுகோளை அப்படியே எடுத்துக்கொண்டார். நிதானமான காலப்பிரமாணம், தாளில் உள்ள சுரம், குறித்த இடத்தில் குறித்த மறுவாசிப்பு. ஒரு பாக் பார்ட்டிட்டாவுக்குத் தரும் மரியாதை.

ராக்டைம் வித்வான்கள் சிலருக்கு இது ரொம்பவும் சைவமாகப் பட்டது. சேர்ப்பதைச் சேர்த்து வாசிப்பதுதானே அந்த மரபு என்றார்கள். அந்தப் புகாரில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் தட்டு முதல் ஆண்டிலேயே ஒரு லட்சம் விற்று, பிறகு பத்து லட்சத்தைத் தொட்டது. நன்சச்சுக்கு அது முதல்முறை. கடைகளில் அது ஜாஸ் வரிசையில் இல்லை, பீத்தோவனுக்குப் பக்கத்தில் இருந்தது. 1971 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ஹரால்ட் ஷோன்பெர்க், அறிஞர்கள் இனியாவது ஜோப்ளினைக் கவனிக்கட்டும் என்று எழுதினார். 1973இல் 'தி ஸ்டிங்' படம் வந்தது. படத்துக்காக மார்வின் ஹாம்லிஷ் தழுவி அமைத்த ஜோப்ளினின் 'தி என்டர்டெய்னர்' வானொலியெங்கும் ஒலித்தது, ஹாம்லிஷுக்கு ஆஸ்கார் கிடைத்தது. படத்தின் கதை நடப்பது 1930களில், அப்போது ராக்டைம் மோஸ்தர் போய் வெகுகாலம் ஆகியிருந்தது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1976இல் ஜோப்ளினுக்கு, இறந்து ஐம்பத்தொன்பது ஆண்டு கழித்து, புலிட்சர் சிறப்பு விருது வந்தது.

பீட்டில்ஸுக்குச் சிரித்தார்கள், ஜோப்ளினுக்குக் கொண்டாடினார்கள். பாக்கிடம் அதே வேலையைச் செய்தபோதுதான் அடி விழுந்தது. வேலை ஒன்றுதான், தாளில் உள்ளதை நம்புவது.

அந்தத் தாள்கள் என்ன சொல்கின்றன? பாக்கின் ஆலய இசைக்கு அவர் காலத்திலேயே பிரதியெடுத்த தனித்தனி வாசிப்புத் தாள்கள் நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளாகப் பிழைத்திருக்கின்றன. வயலின்களுக்குப் பொதுவாகக் கூடுதல் பிரதி உண்டு. பாடகர்களுக்குப் பெரும்பாலும் குரலுக்கு ஒரே ஒரு தாள். ஒரு தாளை மூன்று பையன்கள் எட்டிப்பார்த்துப் பாடினார்கள் என்று பழைய அறிஞர்கள் சமாதானம் சொன்னார்கள். ரிஃப்கின் கேட்டது எளிய கேள்வி. அந்த ஒற்றைத் தாளில் கோரஸ், பேச்சுபோலப் பாடும் ரெசிட்டேட்டிவ், தனிப்பாட்டான ஆரியா எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தோள்மேல் எட்டிப்பார்க்கிறவன் ஆரியா வந்ததும் வாயை மூட வேண்டும், கோரஸ் வந்ததும் திறக்க வேண்டும். அதற்கான குறிப்பு எங்கே? உண்மையிலேயே துணைப்பாடகர்களைச் சேர்த்தபோது பாக் என்ன செய்தார் என்பதும் தெரிகிறது. ஜான் பாஷன் போன்ற சில படைப்புகளுக்குத் தனியாகத் துணைக்குரல் தாள்கள் இருக்கின்றன, அவற்றில் கோரஸும் கோராலும் மட்டுமே பிரதானம். மனுவில் வரும் காய்ச்சல்காரப் பையன்களும் இந்தக் கணக்குக்கே உதவுகிறார்கள். பன்னிரண்டு பேரில் சிலர் படுத்தாலும் இரட்டைக் குழு மோட்டெட் ஒன்றைப் பாடிவிடலாம் என்கிறார் பாக். இரட்டைக் குழு என்றால் எட்டுக் குரல். குரலுக்கு ஒருவர் என்றால்தான் எட்டுப் பேர் போதும்.

லத்தீன் வழிபாட்டு வாசகத்துக்கு இசையமைத்த பி மைனர் மாஸின் முதல் பகுதியை, கீரியேயும் குளோரியாவும், பாக் 1733இல் டிரெஸ்டன் அரசவைக்கு ஒரு பட்டம் வேண்டி அனுப்பினார். பாக்கும் அவர் குடும்பத்தாருமாக எழுதிய அந்தத் தாள்கள் இன்றும் டிரெஸ்டனில் இருக்கின்றன. பாட்டில் ஐந்து குரல். தாளும் ஐந்துதான்.

இவ்வளவு வறண்ட சான்றுக்கு ஏன் அவ்வளவு கோபம்? காரணம் அரங்கத்துக்கு வெளியே இருந்தது. 1784இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் ஹேண்டல் நினைவு விழாவுக்கு 500க்கும் மேற்பட்ட கலைஞர்களை நிறுத்தியதிலிருந்து பரோக் கோரஸ் என்றால் பிரம்மாண்டம் என்றாகிவிட்டது. மெண்டல்சனின் பாஷனில் பாடகர்களே 150 பேருக்கு மேல். ஊருக்கு ஊர் பாக் சங்கங்கள், மாலையில் ஒத்திகைக்கு வரும் ஆசிரியர்கள், எழுத்தர்கள், இல்லத்தரசிகள் எல்லாரும் சேர்ந்து பாடத்தான் பாக். பழைய வாத்தியங்களைத் தூசி தட்டியவர்கள்கூட, 1968இல் பி மைனர் மாஸைப் பதிவு செய்த ஹார்னன்கோர்ட் உட்பட, கோரஸ் என்ற ஏற்பாட்டை விடவில்லை. நீங்கள் நேசித்த பாக்கில் உங்களுக்கு இடமில்லை என்று ஒருவர் ஆதாரத்தோடு சொன்னால், ஆதாரத்தை யார் பார்ப்பார்கள்?

1982இல் நன்சச்சே அந்த பி மைனர் மாஸை வெளியிட்டது. பாக் என்செம்பிள் என்ற தம் குழுவோடு, ஜூடித் நெல்சன், ஜூலியன் பெயர்ட் உள்ளிட்ட பாடகர்களை வைத்து, குரலுக்கு ஒருவராக ரிஃப்கின் நடத்திய பதிவு. அடுத்த ஆண்டு அது கிராமஃபோன் விருது பெற்றது. இதை எழுதுபவர் அதைக் கேட்டது வெகுகாலம் கழித்து, கார்ல் ரிக்டரின் 1961 பதிவு காதில் ஊறிப்போன பிறகு. ரிக்டரின் தொடக்கக் கீரியே ஒரு நகரமே மன்றாடுவதாக இருக்கும். ரிஃப்கினுடையதில் முதல் முழக்கமே மெலிந்து ஒலிக்க, ஏமாற்றம்தான் வந்தது. வாத்தியங்களின் நீண்ட பகுதிக்குப் பிறகு டெனர் குரல் தனியாக ஃபியூகின் கருப்பொருளை எடுக்கிறது. அது ஒரு ஆள். மூச்சு வாங்குவது கேட்கிறது. அடுத்த குரல் சேரும்போது இன்னொரு ஆள். 'கும் சாங்க்டோ ஸ்பிரிட்டு'வில் வேகமாக ஓடும் சுரக்கோவையை ரிக்டரின் குழுவில் கேட்டால் அலை வருவது தெரியும், இங்கே ஒவ்வொரு சுரத்தையும் யார் பாடினார் என்பதும் தெரிந்தது. பிடித்ததா என்றால், சில இடங்களில் பிடித்தது. 'சாங்க்டுஸ்' வந்தபோது ரிக்டர்தான் வேண்டியிருந்தது, இன்றும் அப்படித்தான்.

பாக் அறிஞர் ராபர்ட் மார்ஷல் 1983இல் மறுப்பு எழுதினார். இன்னொரு பாக் அறிஞரான கிறிஸ்டோஃப் வொல்ஃபும் ஏற்கவில்லை. டச்சு இசைஞர் டோன் கோப்மன் 1990களில் 'எர்லி மியூசிக்' இதழில் சண்டைக்கு நின்றார், குரலுக்கு ஒருவர்தான் என்றால் பக்கத்தைப் புரட்டுவது யார் என்றுகூடக் கேட்டார். வேறு திசையிலிருந்து இசையியலாளர் ரிச்சர்ட் டாரஸ்கின் இன்னும் கூர்மையாகக் கேட்டார், ரிஃப்கினை மட்டும் வைத்தல்ல, பழமையைப் புதுப்பிக்கும் இயக்கம் முழுவதையும் வைத்து. மெலிந்த ஒலி, சீரான வேகம், உணர்ச்சியில் சிக்கனம், இவையெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டா, அல்லது ஸ்ட்ராவின்ஸ்கிக்குப் பிந்தைய நம் ரசனையா? டார்ம்ஷ்டாட் வகுப்பில் உட்கார்ந்தவருக்கு மெலிந்த பாக் இனித்தது தற்செயலா என்று இதை எழுதுபவருக்கும் தோன்றியதுண்டு. ரசனை ஒருவரைத் தாளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம். ஆனால் டிரெஸ்டனில் உள்ள தாள்கள் அவர் ரசனைக்காக ஐந்தாகிவிடவில்லை.

காற்று மெல்லத்தான் திரும்பியது. 2000இல் இசை நடத்துநர் ஆண்ட்ரூ பாரட் 'தி எசென்ஷியல் பாக் கொயர்' என்ற நூலில் வாதத்தை விரிவாக்கி, பாஸ்டனில் முடிக்க முடியாமல் போன கட்டுரையையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார். 2003இல் பால் மெக்ரீஷ் மத்தேயு பாஷனைக் குரலுக்கு ஒருவராகப் பதிவு செய்தார். பெல்ஜியத்தின் சிகிஸ்வால்ட் கெய்க்கன் கண்டாட்டா வரிசையொன்றையே அப்படி நடத்தினார். பெரிய கோரஸ்கள் கலைந்துவிடவில்லை, புனித வெள்ளி தோறும் நூறு பேர் நின்று பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கலையவும் வேண்டியதில்லை.

ரிஃப்கினின் பி மைனர் மாஸ் பதிப்பை 2006இல் பிரைட்காப்ஃப் உண்ட் ஹெர்ட்டல் வெளியிட்டது. பாக் இறந்தபின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் தந்தையின் சுவடியிலேயே திருத்தமும் சேர்க்கையும் எழுதிவைத்திருந்தார். எது தந்தை கை, எது மகன் கை என்று பிரிப்பதில் பல தலைமுறைப் பதிப்பாசிரியர்கள் திணறியிருக்கிறார்கள். ரிஃப்கின் மகனை முற்றாக விலக்கி, தந்தையின் கடைசி வடிவத்தை மட்டும் நிறுத்தப் பார்த்தார். ஜான் பட், ஸ்காட்லாந்தின் டனடின் கான்சார்ட் குழுவோடு 2010இல் வெளியிட்ட மாஸ் பதிவு இந்தப் பதிப்பிலிருந்து பாடப்பட்டது.

பதிப்பு வந்த அடுத்த ஆண்டே ரிஃப்கின் இன்னொரு தாளைப் பிடித்தார். புல்லாங்குழலுக்காக பாக் எழுதிய பி மைனர் சூட், அதன் கடைசித் துண்டான 'பாடினெரி' ஒரு காலத்தில் நோக்கியா அழைப்பு மணியாக உலகெங்கும் ஒலித்தது. எஞ்சியிருக்கும் பிரதியில் சுரங்கள் ஒரு படி தள்ளி எழுதித் திருத்தப்பட்டிருப்பதை வைத்து, மூலம் ஒரு சுரம் கீழே ஏ மைனரில் இருந்தது என்றார் ரிஃப்கின். அங்கே புல்லாங்குழலுக்கு எட்டாத அடிச்சுரங்கள் வருகின்றன, ஆகவே அது வயலினுக்கு எழுதியது. 2007இல் அச்சான வாதம் அது. வயலின் கலைஞர்கள் சிலர் ஏ மைனரில் பதிவும் செய்துவிட்டார்கள். புல்லாங்குழல்காரர்கள் பி மைனரை விடுவதாக இல்லை.